வாடகை அடுப்பும் லாங் பஜாரும்

வேலூரில் எங்கே சாப்பிடலாம் என்று யாரைக் கேட்டாலும், பதில் பெரும்பாலும் வேலூரைத் தாண்டித்தான் போகிறது. ஐம்பது கிலோமீட்டர் மேற்கே போனால் ஆம்பூர், அங்கே பிரியாணி என்பார்கள். ஊருக்குள்ளேயே பதில் சொல்பவர்களும் கோட்டையைச் சுற்றியும் காந்தி ரோட்டிலும் உள்ள நாலைந்து உணவகங்களின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பதில்கள் பொய்யல்ல. ஆனால் ஒரு வேளை பசியோடு வந்து, மறுவேளைக்குள் ஊரை விட்டுப் போகிறவருக்குச் சொல்லும் பதில்கள் இவை. வேலூருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் மிகப் பலர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்று கிளம்பி வந்து, பரிசோதனை முடிவுக்கும் அறுவைச் சிகிச்சைத் தேதிக்கும் காத்து வாரக் கணக்கில், சில நோய்களுக்கு மாதக் கணக்கில், தங்குகிறவர்கள். வெளியூர்க்காரரை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரின் சாப்பாட்டை மதிப்பிட, வந்து போகிறவர் எதைப் புகழ்ந்தார் என்று பார்ப்பது போதாது. போக முடியாமல் தங்கியிருப்பவர் இருபதாம் நாள் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வேலூரின் முதன்மையான உணவிடம் எந்த உணவகமும் அல்ல. லாங் பஜாரும், அதைச் சுற்றியுள்ள தெருக்களின் லாட்ஜ் அறைகளில் எரியும் வாடகை அடுப்புகளும்தான் என்பது என் வாதம்.

வந்தவர் நகர முடியாத இடத்தில் சாப்பாடு என்ன ஆகும் என்பதைப் பணக்கார நாடுகளின் விடுமுறைத் தலங்களிலேயே தெளிவாகப் பார்க்கலாம். ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்குத் தலங்களில், காலையில் கம்பிவட ஊர்தியில் ஏறி மேலே போனவர் நண்பகலில் சாப்பிட ஊருக்குள் இறங்கி வருவதில்லை. பாதிச் சரிவில் இருக்கும் விடுதிதான் அவருக்குக் கதி. பொருளை மேலே ஏற்றும் செலவும், போட்டியின்மையும் சேர்ந்து அங்கே விலையை ஏற்றிவிடுகின்றன. சிக்கனமாக இருக்க நினைக்கும் குடும்பங்கள் சமையலறையோடு கூடிய அறையைப் பிடித்து, பள்ளத்தாக்கின் கடையில் சாமான் வாங்கிச் சமைத்துக்கொள்கின்றன. இதைவிட முக்கியமானது அங்குள்ள பழைய ஏற்பாடு ஒன்று. 1862இல் தொடங்கிய ஆஸ்திரிய ஆல்பைன் சங்கமும் 1869இல் தொடங்கிய ஜெர்மன் சங்கமும் தங்கள் மலைக்குடில்களில் ஒரு விதியை வைத்திருக்கின்றன. குடிலை நடத்துபவர் வேறு என்ன விற்றாலும், குறைந்தது ஐந்நூறு கலோரி தரும் ஒரு சாப்பாட்டை, உச்சவரம்பு கட்டிய விலையில், மலையேறி வரும் உறுப்பினர்களுக்கு வைத்திருக்க வேண்டும். பீரைவிட மலிவாக மதுவில்லாத ஒரு பானமும் இருக்க வேண்டும். தானே தேநீர் போட்டுக்கொள்கிறவருக்கு வெந்நீர் தர வேண்டும். இத்தனைக்கும் மலையேறுவது அவரவர் விருப்பம். விருப்பத்துக்காக வந்தவருக்கே ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு காவல் தேவைப்படுகிறதென்றால், நோய்க்காக வந்தவருக்கு என்ன காவல் இருக்கிறது என்று கேட்பது நியாயம்.

வழிப்போக்கர் உணவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆம்பூர் பிரியாணிக்கு அதன் புகழ் தகும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரின் குறுக்கே போவதால் மட்டும் வந்த புகழல்ல அது. ஊறவைத்து அரைத்த வரமிளகாய் விழுதும் தயிரும் சேர்த்து இறைச்சியை வேகவைத்து, தனியே முக்கால் பதத்தில் வடித்த சீரகச் சம்பா அரிசியைச் சேர்த்து, விறகடுப்பில் பெரிய தேக்சாவில் தம் போடுகிறார்கள். மசாலா தூக்கலாக இருக்காது. அரிசியின் மணமும் மிளகாயின் நிறமும்தான் முன்னால் நிற்கும். பக்கத்தில் புளியும் எண்ணெயும் சேர்ந்த கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்த முறை என்பது ஊர் வழக்கு. 1890 முதல் நடத்துவதாகச் சொல்லும் குடும்பக் கடையும் அங்கே உண்டு. நவாபுக் கதையை நிரூபிப்பது எளிதல்ல. ஆனால் இந்தச் சமையல் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்கு இன்னொரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் தோல் மண்டியும் இறைச்சிக் கடையும் ஒரே வணிகச் சங்கிலியின் இரு கண்ணிகள். தோல் வியாபாரி விருந்தில் வைத்ததையும், தொழிற்சாலைத் தொழிலாளி நண்பகலில் பொட்டலமாக வாங்கியதையும் ஒரே தேக்சாவிலிருந்துதான் அள்ளினார்கள். ஆம்பூர் பிரியாணி நெடுஞ்சாலைப் பயணிக்காகப் பிறந்ததல்ல. ஊர்க்காரர் சாப்பிட்டதைப் பயணி கண்டுகொண்டார். உள்ளூர்ப் பசிக்கு விடையாக எழுந்த உணவே வெளியூர்க்காரருக்கும் நன்றாக அமைகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் காய்ச்சலில் நாக்கு கசந்தவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், பத்து நாளாகக் கடைச்சோறு தின்று அலுத்தவருக்கும் இதில் விடை இல்லை.

விடுமுறைக்கு வருபவர்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஏலகிரி ஆயிரத்து நூறு மீட்டரை ஒட்டிய உயரமும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட சிறிய மலை. சனி, ஞாயிறில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருபவர்கள் தங்கும் விடுதியிலேயே சாப்பிடுகிறார்கள், அல்லது படகுத்துறைப் பக்கம் பஜ்ஜியும் சுட்ட சோளமும் வாங்குகிறார்கள். மலையின் பழங்குடி ஊர்களில் விளையும் சாமையும் பலாவும் விடுதிப் பந்திக்கு வருவது அபூர்வம். அதுவே ஒரு குறைதான். ஆனால் அங்கே சரியாகச் சாப்பிடாதவர் திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விடுவார். 2007இல் திறந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்களும் அப்படித்தான்.

தங்குபவர்களின் கதை 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகத்திலிருந்து கிளைக்கிறது. அது இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான புற நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனையாக, ஊரின் நடுவில் நிற்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று அங்கே வருபவர்களின் ஊர்கள் நீள்கின்றன. தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் காட்பாடியில் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தில் கையில் எக்ஸ்ரே உறையோடு வருபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே இது விளங்கும். இவர்களுக்காக மருத்துவமனையின் எதிர்ப்புறத் தெருக்கள் தம்மை மாற்றிக்கொண்டன. பாபுராவ் தெருவிலும் அதன் சந்துகளிலும் பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் பருப்பும் சோறும் போடும் மெஸ்கள் வரிசையாக உண்டு. ஆற்காட்டு மண்ணில் ரோகு மீனுக்கும் கட்லாவுக்கும் இவ்வளவு தேவை எழுந்ததற்கு வேறு காரணமே இல்லை. இந்த மெஸ்கள் செய்த நன்மை பெரிது. மொழி தெரியாத ஊரில், இட்லியும் சாம்பாரும் பழகாத நாக்குக்கு, முதல் வேளைச் சோற்றை அறிந்த சுவையில் கொடுத்தவை அவை. எனினும் முதல் வேளைக்கும் இருபதாம் நாளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நோயாளியும் துணைக்கு வந்தவரும் சேர்ந்து மூன்று வேளை மெஸ்ஸில் சாப்பிட்டால், மருந்துக்கு ஒதுக்கிய பணம் சோற்றுக்குக் கரையத் தொடங்கும். நிலம் விற்று வந்தவர்கள், கடன் வாங்கி வந்தவர்கள் இவர்களில் குறைவல்லர்.

அந்த இடத்தில்தான் வாடகை அடுப்பு வருகிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் பல, சமையல் வசதியோடு அறை தருகின்றன. ஒரு மேடை, ஒரு கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம் என்ற அளவில்தான் இருக்கும். வாசலில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. அடுப்பு இருந்தால் போதாது; அதில் வைக்கச் சாமான், நடந்து போய் வாங்கும் தொலைவில், சிறு அளவில், மொத்த விலைக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். லாங் பஜார் இதைத்தான் செய்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், மிளகாய் என்று வேலூர் வட்டாரத்தின் சில்லறைக் கடைகளுக்கெல்லாம் சரக்கு தரும் மொத்த வியாபாரத் தெரு அது. பக்கத்தில் காய்கறிக்கும் பூவுக்கும் நேதாஜி மார்க்கெட், அடுத்து மண்டித் தெருவும் சுண்ணாம்புக்காரத் தெருவும். லாரியில் மூட்டை இறங்கும் அதே வாசலில் அரைக் கிலோ மசூர் பருப்பும் கேட்டு வாங்கலாம். இந்த வட்டாரத்தின் வியாபாரிகளில் உருது பேசுவோர் பலர். ஜார்க்கண்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பெண் தனக்குத் தெரிந்த இந்தியில் விலை கேட்டால், கடைக்காரர் தன் வீட்டு மொழியிலேயே பதில் சொல்லிவிடுகிறார். எந்த அரசுத் திட்டமும் ஏற்படுத்தாத மொழிபெயர்ப்பு வசதி இது. காயிலும் இப்படியொரு பொருத்தம் தற்செயலாக அமைந்திருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் இந்த மாவட்டத்தின் விளைச்சல். ஆம்பூரில் பிரியாணிக்குத் துணையாகும் கத்திரிக்காய், வங்காளக் குடும்பத்தின் அறையில் வட்டமாக அரிந்து மஞ்சள் தடவி வறுபடுகிறது. வெளியூர்க்காரருக்கென்று தனியாக ஒரு சந்தையை யாரும் கட்டவில்லை. ஊர்க்காரருக்கு இருந்த சந்தை, தடையில்லாமல் திறந்திருந்ததால், அவர்களுக்கும் ஆயிற்று.

பணத்தை விட்டுப் பார்த்தாலும், வைத்தியமே இந்த அடுப்பைக் கேட்கிறது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முதலில் வெற்றி கண்ட இடங்களில் ஒன்று வேலூர். 1971இல் அது நடந்தது. சிறுநீரக நோயாளிக்கு உப்பை அளந்து போட வேண்டும். சில காய்களை ஒதுக்க வேண்டும், சிலவற்றை வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும். புதிதாகச் சமைத்து நன்றாக வெந்த உணவைத் தவிர வேறெதுவும் ஆபத்து. இதயத்துக்கு வந்தவருக்கு எண்ணெய், நீரிழிவுக்காரருக்கு மாவு. இந்த விதிகளை ஒரு மெஸ்காரர் நாற்பது பேருக்கு நாற்பது விதமாகக் கடைப்பிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். துணைக்கு வந்த தாயோ மனைவியோ அண்ணனோ மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அடுப்பு மேடைக்கு மேலே வைத்துக்கொண்டு சமைத்தால்தான் அது நடக்கும். குடும்பத்தைச் சிகிச்சையின் பகுதியாகக் கருதும் வழக்கம் வேலூருக்குப் புதிதும் அல்ல. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு வீட்டார் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்பதை நெறியாகவே வைத்துப் பெயர் பெற்றது.

இதற்கு எழும் முதல் மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. நெருக்கமான சந்துகளில், மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில், அறைக்கு அறை கேஸ் அடுப்பு எரிவது தீ விபத்துக்கு வழி என்பார்கள். இது உண்மையான அச்சம். லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதற்கு விடை அடுப்பை ஒழிப்பதல்ல. ஒழித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பசிக்கும் குடும்பம் கட்டிலுக்கடியில் சிறு சிலிண்டரையோ மின்சுருள் அடுப்பையோ மறைத்து வைத்துச் சமைக்கும். வெளிப்படையாக, காற்றோட்டமுள்ள இடத்தில் எரிந்த தீ, கதவை மூடிக்கொண்டு எரியும். மாடிக்கு ஒரு பொதுச் சமையற்கூடம், சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே வைத்துக் குழாய் வழியாக எரிவாயு, தீயணைப்புத் துறையின் ஆண்டுச் சோதனை ஆகியவற்றை உரிமத்தோடு இணைத்தால் அச்சமும் தீரும், அடுப்பும் நிற்கும். 2016இல் வேலூர் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தபோது சாலைக்கும் வடிகாலுக்கும் கோட்டை அழகுக்கும் திட்டம் தீட்டியவர்கள், இப்படிப்பட்ட பொதுச் சமையற்கூடங்களையும் நகரக் கட்டமைப்பில் ஒன்றாக எண்ணியிருக்கலாம். ஊருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் மிகப் பெரும் பங்கினரின் அன்றாடத் தேவை அது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சமைக்க ஆள் வேண்டும். தனியாக வந்த நோயாளி என்ன செய்வார்? துணைக்கு ஒரே ஒருவர் வந்து, அவரும் காலை முதல் மாலை வரை வரிசையில் நின்றால் யார் சமைப்பது? சமையலைப் புகழ்வது, ஏற்கெனவே தூக்கமில்லாத ஒரு பெண்ணின் தலையில் மேலும் ஒரு சுமையை வைப்பதாகாதா? ஆகும், அதனால்தான் அடுப்பு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2013இல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டிலேயே வேலூர் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளுக்கும் விரிந்த அம்மா உணவகம், ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சோறும் மூன்று ரூபாய் தயிர்ச் சோறும் தந்தபோது, ஆல்ப்ஸ் சங்கங்களின் விலை வரம்புச் சாப்பாடு செய்யும் வேலையைத்தான் இன்னும் பெரிய அளவில் செய்தது. வரம்பு கட்டிய ஒரு சாப்பாடு ஒரு பக்கம், தானே சமைக்கும் உரிமை மறுபக்கம். இரண்டும் இருந்தால்தான் நடுவில் இருக்கும் மெஸ்களும் உணவகங்களும் நியாய விலையில் நிற்கும். சமைத்துக்கொள்ள வழியில்லாதவரிடம் எந்த விலையும் சொல்லலாம். வேண்டாம் என்று எழுந்து போய் அரைக் கிலோ அரிசி வாங்கக்கூடியவரிடம் சொல்ல முடியாது. அடுப்பைப் பயன்படுத்தாத நோயாளிக்கும் இதனால் பயன் உண்டு.

மூன்றாவதாக ஒன்று சொல்லப்படுவதுண்டு: பொது இடத்தில் எல்லோரும் ஒன்றாக உண்பதுதானே ஒரு நகரத்தின் பண்பு, அறைக்குள் அவரவர் சமைப்பது ஒதுங்கல் அல்லவா? பொதுப் பந்தியின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ரமலான் மாதத்தில் இப்பகுதிப் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அதற்கு நல்ல உதாரணம். ஆனால் பொதுப் பந்தியில் யாருடைய உணவுக்கு இடம் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது, மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றாயிற்று. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டுத் தோலால் வளர்ந்த வட்டாரத்தில், தொழிலாளியின் மலிவான புரதமாகப் பல தலைமுறை இருந்த ஓர் உணவை, அந்த ஊரின் பெயரால் நடக்கும் விழாவிலிருந்தே விலக்க நினைத்தது தவறு. உள்ளூர்க்காரருக்கே இந்த நிலை என்றால், வெளியூர் நோயாளியின் மீனும் கடுகெண்ணெயும், இன்னொருவரின் வெங்காயம் பூண்டு சேராத சோறும் யாருடைய தயவையும் எதிர்பாராமல் வேக வேண்டும். சொந்த அடுப்பு அதற்கு உறுதி தருகிறது.

குடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. பனிமலைத் தலங்களில் குடி என்றால் மாலை நேரத்து மது. இங்கே கேள்வி தண்ணீர். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அது ஒன்று. 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீடும் ஆற்றுச் சீரமைப்பும் இன்னும் முழுமையாகவில்லை என்ற நிலையில், அதே நீதிமன்றம் பாலாறு குறித்து மீண்டும் உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே இந்த ஊர்களுக்கு வருகிறது. ஆனாலும் கோடையில் பல வீடுகளும் லாட்ஜ்களும் நம்புவது ஆழ்துளைக் கிணற்றையும் கேன் தண்ணீரையும்தான். உப்பை அளந்து சாப்பிடச் சொன்ன நோயாளியின் சோறு உப்பேறிய நிலத்தடி நீரில் வெந்தால் அளந்ததற்குப் பொருளில்லை. கேன் வாங்கினால், வாடகை அடுப்பில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. என் வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பஜார் எவ்வளவு நன்றாக நடந்தாலும், குழாயில் வருவது குடிக்கத் தகாததாக இருந்தால் சமையல் அறைக்குரிய நன்மை பாதியாகும். மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில், சோதித்த குடிநீரைக் குடத்தில் பிடித்துக்கொள்ளும் பொதுக் குழாய்களை மாநகராட்சி வைப்பது, எந்த உணவுத் திருவிழாவையும்விட வெளியூர்க்காரருக்குப் பயன் தரும்.

நெரிசலைக் காரணம் காட்டி, மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் என்ன என்று அவ்வப்போது கேட்கிறார்கள். லாரி நுழைய முடியாமல் திணறுவதும், ஆம்புலன்ஸ் சிக்குவதும் உண்மையே. லாரிகளுக்கு இரவு நேரத்தை ஒதுக்கலாம். கிடங்குகளை வெளியே வைத்து விற்பனையை இங்கே வைக்கலாம். கடைகளையே பெயர்த்துப் புறவழிச் சாலைக்குக் கொண்டுபோனால், நோயாளியின் துணைவர் ஆட்டோ பிடித்துப் போய் அரிசி வாங்க வேண்டும், அல்லது அறை வாசலில் உள்ள கடையில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். பஜார் இல்லாத இடத்தில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையும் இல்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராணிப்பேட்டை வளாகம் 2022இல் நெடுஞ்சாலையோரம் செயல்படத் தொடங்கியது. நெரிசலற்ற, விசாலமான, காற்றோட்டமான இடம். பழைய நகர மருத்துவமனையின் சுமையைக் குறைக்க அது அவசியம். ஆனால் நூறாண்டு மளிகைத் தெரு எதுவும் அதன் வாசலுக்கு நடந்து போகும் தொலைவில் இல்லை. இனி அங்கே எழும் லாட்ஜ்களுக்கு வாலாஜாவும் ராணிப்பேட்டையும் தரும் கட்டட உரிமத்தில் மாடிக்கு ஒரு சமையற்கூடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். வாரச் சந்தைக்கும் உழவர் சந்தைக் கிளைக்கும் வளாகத்துக்கு அருகிலேயே, நிலத்தின் விலை ஏறிவிடும் முன்பு, இப்போதே இடம் ஒதுக்கிவைக்க வேண்டும்.